எட்டாவது கயிறு

பருத்தித்துறை,
12.07.1994.

அன்புள்ள அத்தானுக்கு,

ஞானம் எழுதுகிறேன். சித்திரையில் நீங்கள் போட்ட கடிதம் எங்கெங்கோ சுற்றி, கப்பலேறி, நனைந்து காய்ந்து நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. உங்களுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை என்று அறிந்து ஆறுதல். இங்கே வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சுகம். நான், உங்கள் தங்கச்சி பாலேஸ்வரி, எங்கள் மகள் குணலட்சுமி. ஏன் பெயர் சொல்லி எண்ணுகிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் இரண்டு பேரைத்தான் சுகம் விசாரித்திருக்கிறீர்கள். மறதி என்று நினைத்தேன். இரண்டாந்தரம் வாசித்தபோதுதான் மறதி இல்லை என்று விளங்கியது.

பாலேஸ்வரியின் தொண்டைமானாற்றுச் சம்பந்தம் இன்னும் பேச்சுக்காலில்தான் நிற்கிறது. மாப்பிள்ளை அருளம்பலம் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். அமைதியான பிள்ளை என்று கேள்வி. உங்கள் அண்ணை முத்துக்குமாருதான் வெயிலென்றும் பாராமல் சைக்கிளில் ஓடித்திரிந்து பேசுகிறார், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிக் கொடுத்த குடும்ப விபரத்தின் பிரதி போன கிழமை என் கண்ணில் பட்டது. "தமையன் கனகலிங்கம், கப்பலில் வேலை, மணமானவர், பிள்ளைகள் இல்லை" என்று முத்து முத்தான எழுத்தில் இருந்தது. இதென்ன என்று கேட்டேன். அவர் நீங்கள் அவருக்குப் போட்ட கடிதத்தை எடுத்து நீட்டினார். அண்ணை செய்வதெல்லாம் உங்களுக்குச் சம்மதமாம். கலியாணம் முடியுமட்டும் பிள்ளையை வெளியில் காட்ட வேண்டாமாம்.

பதின்மூன்று வருடம் பிள்ளை வளர்த்தவளை ஒரே வரியில் மலடியாக்கி விட்டீர்கள், அத்தான். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்புப் போட்டேனோ என்றுகூட எனக்கு நினைவில்லை. பாலேஸ்வரி அதையும் சாப்பிட்டு எழும்பினாள்.

இனி நான் எழுதுவதை இருந்துகொண்டு வாசியுங்கள். கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள், நடுக்கடலில் வேறு வாசிக்க என்ன இருக்கிறது? நீங்கள் வெளியில் காட்ட வேண்டாம் என்று சொன்ன பிள்ளை நாலு மாதமாக நடன வகுப்புக்குப் போகிறாள். நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கமலாவதி ரீச்சரின் வகுப்பு சனிக்கிழமை தோறும் எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் நடக்கிறது. பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கும் வேலை மாசியில் எனக்கு வந்தது. அளவெடுக்கப் போன அன்று குணத்தை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. கூட்டிக்கொண்டு போய் ஒரு மூலையில் இருத்தினேன். ரீச்சர் நேரே அவளிடம் வந்து, குனிந்து, பெயர் என்ன என்று கேட்டார். எல்லோரும் என்னிடம்தானே கேட்பார்கள், நானும் வழக்கம்போல வாயைத் திறந்தேன். ரீச்சர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். நான் ஒரு பிள்ளைக்கு இடுப்பளவும் நீளமும் எடுத்து முடித்துவிட்டேன், அவர் இன்னும் நின்றபடியே நின்றார். கடைசியில் இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "குணம்" என்றாள். அத்தான், வேற்றாளிடம் அவள் தன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தரம். எனக்கு அளவுநாடா கையால் நழுவிவிட்டது.

உங்களுக்குத் தெரிந்த குணம்தான், மாறவில்லை. முகம் பார்த்துக் கதைக்க மாட்டாள். சத்தம் பெரிதென்றால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுவாள். நீங்கள் விட்டுவிட்டுப் போன வெள்ளை நைலோன் கயிறு இரவும் பகலும் அவள் கையில்தான். நீங்கள் காட்டிக் கொடுத்த ஆறு கப்பல் முடிச்சையும் பார்க்காமலே போடுவாள். ஒழுங்கையில் ஒருவர் மந்தம் என்பார், ஒருவர் விசர் என்பார். அவர்கள் வைக்கும் பெயரையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்வதை விட்டு வெகு காலம்.

ரீச்சர் வாணி விழாவுக்குப் பின்னல் கோலாட்டம் பழக்குகிறார். உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. நடுவில் கம்பம், அதன் உச்சியிலிருந்து எட்டுக் கயிறு, கயிற்றுக்கு ஒரு பிள்ளை. ஒரு கையில் கயிறு, மற்றக் கையில் கோல். நாலு பேர் ஒரு பக்கமாகவும் நாலு பேர் எதிர்ப்பக்கமாகவும், ஒருவருக்கு உள்ளால் அடுத்தவருக்கு வெளியால் என்று ஆடிச் சுற்ற, கம்பத்தில் பாய் பின்னியது போல இறங்கும். பிறகு எல்லோரும் திரும்பி வந்த வழியே ஆடினால் முழுதும் அவிழ வேண்டும். ஒருவர் பிசகினாலும் சிக்குத்தான்.

அந்த எட்டுப் பேரில் யோசப்பின் என்று ஒரு பிள்ளை. அடைக்கலநாதன் மாஸ்டரின் மகள். சின்ன வயதில் போலியோ வந்து இடக்காலில் இரும்புக் கம்பியும் தோல்பட்டியும் போட்டு நடக்கிறாள். இவளை ஒரு கதிரையில் இருத்திப் பாட விடலாமே என்று ஆரோ ரீச்சருக்குப் புத்தி சொன்னார்களாம். "எனக்குப் பாட்டு வராது, ஆட்டந்தான் வரும்" என்றாளாம் அவள். ரீச்சர் தாளத்தை அவளுடைய நடைக்கு ஏற்றபடி குறைத்துவிட்டார். ஒரு தாய்க்கு அது பிடிக்கவில்லை. "எங்கடை பிள்ளை நொண்டியவைக்குப் பின்னாலை ஊர்ந்து திரியவோ?" என்று கேட்டுத் தன் பிள்ளையை மறித்துவிட்டார். ஓடி ஆட வேண்டுமென்றால் வேறு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி ரீச்சர் அனுப்பி வைத்தார். அப்படித்தான் ஒரு கயிறு ஆளில்லாமல் தொங்கியது. அப்படித்தான் அது குணத்துக்கு வந்தது.

கோல் அடிக்கும் சத்தம் இவளுக்கு ஆகாது. முதல்நாள் காதைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை போனால், எட்டுக் கோலுக்கும் பழைய சீலைத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறது! இப்போது டொப் டொப் என்று மெத்தையில் தட்டுவது போலத்தான் கேட்கிறது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ரீச்சர் என்னைப் பார்த்து, "அழுகிறதெண்டால் வெளியிலை போய் அழுங்கோ, பிள்ளையளுக்குக் கணக்குப் பிழைக்கும்" என்றார்.

இவள் பின்னும்போது பார்க்க வேண்டும் நீங்கள். ஒரு அடி பிசகுவதில்லை. வந்த தொல்லை எங்கே என்றால், அவிழ்க்க வேண்டிய நேரத்தில் திரும்ப மாட்டாள். மற்ற ஏழு பேரும் திரும்ப, இவள் மட்டும் கல்லாய் நிற்பாள். தோளைப் பிடித்துத் திருப்பினால் கத்துவாள். இரண்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சிக்கைக் கையால் அவிழ்த்துத்தான் வீட்டுக்கு வருகிறோம். வாணி விழா புரட்டாதியில். அதற்குள் இவள் திரும்பாவிட்டால் எட்டாவது கயிற்றை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கத்தான் வேண்டிவரும். ரீச்சர் வாயால் சொல்லவில்லை, எனக்குத் தெரியாதா?

கண்விழிப்பு வேலைக்கு நிற்கும்போது காதை மூடிக் கட்டுங்கள். சந்நிதியான் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்,
ஞானம்.


பருத்தித்துறை,
03.09.1994.

அன்புள்ள அத்தானுக்கு,

என் முன்னைய கடிதம் உங்களுக்குக் கிடைத்ததோ, எங்காவது மூட்டைக்குள் கிடக்கிறதோ அறியேன். பதில் வருமட்டும் பொறுக்க எனக்குப் பொறுமை இல்லை. விளங்கிவிட்டது, அத்தான்! பிள்ளை ஏன் திரும்புவதில்லை என்று விளங்கிவிட்டது. இதற்குக் காரணம் ஆரென்று நினைக்கிறீர்கள்? நீங்கள்தான்.

ஆவணித் திருவிழாவுக்குச் சந்நிதிக் கோயிலுக்குப் போனோம். நான், பாலேஸ்வரி, குணம் மூவரும் நடந்தே போனோம். சனமென்றால் அப்படிச் சனம். கோயிலைச் சுற்றிக்கொண்டு தெற்கு வீதியால் வந்து மூலையில் திரும்பிய பிறகு பார்த்தால், பிள்ளையின் கையில் கயிறு இல்லை. எங்கேயோ விழுந்துவிட்டது. முகம் கறுத்துப்போய் நின்றாள். நான் திரும்பிப் போய்த் தேட வெளிக்கிட்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? திரும்பவில்லை. நின்ற நிலையிலேயே பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். அந்தச் சனத்துக்குள், ஆட்களில் முட்டி மோதி, பேச்சு வாங்கிக்கொண்டு, தெற்கு வீதி முழுக்கப் பின்னுக்கே நடந்து போனாள். ஒருவன், "உதென்ன பிள்ளை, முதுகிலையோ கண்?" என்று சத்தம் போட்டான். இவள் காதில் வாங்கவில்லை. கயிற்றைக் கண்டு, குனிந்து எடுத்து, பிறகு முன்னுக்கு நடந்து வந்தாள்.

பாலேஸ்வரிதான் முதலில் கண்டுபிடித்தாள். "மச்சாள், பாருங்கோ, போகேக்கையும் வரேக்கையும் கோயில் அவளுக்கு வலக்கைப் பக்கந்தான்" என்றாள்.

நீங்கள் கடைசியாக லீவில் வந்தபோது இதே வீதியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? "சாமி எப்பவும் உன்ரை வலக்கைப் பக்கம் இருக்க வேணும், பிள்ளை. இடப்பக்கம் விட்டுச் சுத்தக் கூடாது." நீங்கள் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டீர்கள். அவள் மூன்று வருடமாக அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கோயில் மட்டுமில்லை, கம்பம், கிணறு, பலாமரம் எல்லாம் அவளுக்கு வலக்கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். சமைக்கிற குசினியிலிருந்து கிணற்றடிக்குப் பத்து அடி. இவள் மழையிலும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போவாள். பிடிவாதம் பிடிவாதம் என்று நான் எத்தனை நாள் ஏசியிருக்கிறேன். ஒரு தரம் அடித்தும் இருக்கிறேன்.

நேரே ரீச்சர் வீட்டுக்குத்தான் போனேன். அவர் மேசையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து அதைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார், திரும்பாமல் பின்னுக்கு நடந்தாலும் வந்த வழிதானே, கயிறு அவிழத்தான் செய்யும் என்று. அப்படியென்றால் குணத்தைப் பின்னுக்கு நடக்க விடுவோம், மற்றவர்கள் திரும்பட்டும் என்றேன். அவர் தலையாட்டவில்லை. "அவள் மட்டும் பின்னுக்கு நடந்தால் சனம் அவளைத்தான் பார்க்கும், ஆட்டத்தைப் பார்க்காது. எட்டுப் பேரும் பின்னுக்கு நடப்பம்" என்றார்.

அத்தான், இப்போது சனிக்கிழமைகளில் வாசிகசாலைப் பக்கம் போனால் ஒரே கூத்து. நல்ல கால், நல்ல கண், நல்ல புத்தி என்று வீட்டில் கொண்டாடுகிற பிள்ளைகள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் மோதிப் பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள். குணம் மட்டும் நேராக வருகிறாள். அந்த ஆறு பேரும் இப்போது அவளுடைய காலைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். யோசப்பினுக்குத்தான் சரியான கஷ்டம், இரும்புக் காலைப் பின்னுக்கு வைப்பது லேசில்லை. முதல் நாள் விழுந்து உதடு வெடித்து இரத்தம். மாஸ்டர் ஓடிவந்து தூக்கினார். அவள் தகப்பனின் கையைத் தட்டிவிட்டு, "இன்னும் ஒருக்கால், ரீச்சர்" என்றாள். ரீச்சர் தாளத்தை இன்னும் குறைத்தார். ரேப் றெக்கோடர் இருந்தும் பற்றறி இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. பலகையில் தட்டுகிற தாளத்தை எவ்வளவும் இழுக்கலாம் அல்லவா?

இன்னொரு பகிடி. விழாவன்று வெளியில் நடுவதற்கு உயரமான கம்பம் வேண்டுமென்று ரீச்சர் உங்கள் அண்ணையிடம் போய்க் கேட்டிருக்கிறார். நேவிக்காரர் வள்ளத்தைத்தான் கடலுக்குப் போக விடுகிறார்கள் இல்லையே, பாய்மரம் சும்மாதானே கிடக்கிறது என்று அவரும் பெரிய மனதோடு கொடுத்துவிட்டார். ஆர் ஆடப் போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, ரீச்சரும் சொல்லவில்லை. நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

இந்தக் கடிதம் உங்களைச் சேரும்போது விழா முடிந்திருக்கும். அதனால் உத்தரவு கேட்டு எழுதவில்லை, அறிவித்து எழுதுகிறேன். நீங்கள் சொல்லிக் கொடுத்த ஒரு சொல்லுக்காக எட்டுப் பிள்ளைகள் பின்னுக்கு நடக்கிறார்கள் என்று எண்ணிச் சந்தோஷப்படுங்கள்.

உங்கள்,
ஞானம்.


பருத்தித்துறை,
30.10.1994.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் அண்ணையும் எழுதியிருப்பார். அவர் எழுதியது பொய்யாக இராது. ஆனால் அவர் பாய்மரத்தடியில் நின்று பார்த்தவர், நான் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஆகவே என்னுடையதையும் வாசியுங்கள்.

விழாவுக்கு முதல்நாள் மத்தியானம் அண்ணை வந்தார். வரும்போதே முகம் சரியில்லை. மாப்பிள்ளையின் தாயார் செல்வநாயகி அம்மா நாளைக்கு வாணி விழாவுக்கு வருகிறாவாம். ஏன் வருகிறா? அவவுடைய மகள் இங்கே எங்கள் பக்கத்தில்தான் கலியாணம் செய்திருக்கிறா, அந்தப் பேத்தி கோலாட்டத்தில் ஆடுகிறாளாம். எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தி மாப்பிள்ளையின் மருமகள்! ஏழெட்டு மாதமாக அந்தப் பிள்ளைக்கு நான் பாவாடை தைத்து, தலை இழுத்து, கொண்டை ஊசியும் குத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாது. அண்ணைக்கோ குணம் ஆடுவதே அன்றைக்குத்தான் தெரியும். "பிள்ளை இல்லை எண்டு என்ரை கையாலை எழுதிக் குடுத்திருக்கிறன். நாளைக்கு ஒரு நாள் உவளை உள்ளுக்கு வைச்சுப் பூட்டு, ஞானம். உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார். பெரிய மனிதர், உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் தங்கச்சி வாழ வேண்டும் என்றுதானே அலைகிறார்.

குணம் விறாந்தையில் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டு இருந்தவள் எங்களைப் பார்க்காமலே, "எட்டு" என்றாள். பிறகும், "எட்டு" என்றாள். ஏழு பேரால் அந்தப் பின்னல் வராது. அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் பாலேஸ்வரி அறைக்குள் இருந்து வந்தாள். முப்பத்தொரு வயது, ஐந்து சம்பந்தம் தட்டிப் போனது, அத்தனைக்கும் வாய் திறக்காதவள். "அண்ணை, என்ரை கலியாணத்துக்காக என்ரை மருமகளைப் பூட்டி வைக்கிறதெண்டால் எனக்கு அந்தக் கலியாணம் வேண்டாம். ஆடுற பிள்ளை ஆடட்டும்" என்றாள். அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பிள்ளைக்குத் தலை வாரி, பூ வைத்து, தன் கூறைக்கென்று எடுத்து வைத்திருந்த சரிகைத் துண்டில் இடுப்புப் பட்டியும் தைத்துக் கட்டிவிட்டவள் உங்கள் தங்கச்சிதான்.

வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டுமென்று விழாவைப் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தார்கள். வாசிகசாலை முற்றம் நிறைய ஆட்கள். நடுவில் அண்ணையின் பாய்மரம். ஏழு கயிறு நிறம் நிறமான சீலைத் துணியில் முறுக்கியது, எட்டாவது நீங்கள் கொடுத்த வெள்ளைக் கயிறு. வேறு கயிறு பிடிக்க அவள் சம்மதிக்கவில்லை, ரீச்சரும் வற்புறுத்தவில்லை. செல்வநாயகி அம்மா முன்வரிசையில் இருந்தா. அண்ணை கம்பத்துக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தொடங்கியபோது சனம் சலசலத்தது. வேகமில்லை, கோலில் கலகலப்பில்லை, இதென்ன கோலாட்டம் என்று பின்னால் ஆரோ கேட்டார். ஆனால் யோசப்பினின் இரும்புக் கால் மண்ணில் ஊன்ற, அந்த அடிக்கு எட்டுப் பேரும் சேர்ந்து அசைய, கொஞ்சங் கொஞ்சமாய் ஆட்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பாய்மரத்தில் பின்னல் இறங்க இறங்க, வெள்ளைக் கயிறு ஒரே சீராக எல்லா நிறத்துக்குள்ளாலும் போய்வந்தது.

பின்னல் முடியும் நேரத்தில் ஆமியின் ஹெலிகொப்டர்ச் சத்தம். தூரத்தில்தான், கடற்கரைப் பக்கம். ஆனாலும் சனம் எழும்பிவிட்டது, பங்கர்க் குழிக்கு ஓடுவதா விடுவதா என்று பார்க்கிறது. பிள்ளைகளின் கண்ணெல்லாம் மேலே. நான் குணத்தைப் பார்த்தேன். இரண்டு கையும் காதுக்குப் போகிறது. கை காதுக்குப் போனால் கயிறு கீழே போகும், கயிறு போனால் எல்லாம் போச்சு. என் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா, அத்தான்? கோலைக் கீழே போட்டாள். கயிற்றை வாய்க்குள் வைத்துப் பல்லால் இறுக்கிக் கடித்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அடியை விடவில்லை. ரீச்சரும் தட்டுவதை விடவில்லை. கயிற்றைக் கவ்விக்கொண்டு அவள் உள்ளால் போய் வெளியால் வந்தாள், மற்றப் பிள்ளைகள் வானத்தை விட்டு அவளைப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே தாங்களும் ஆடினார்கள். ஹெலி வந்தபடி போய்விட்டது. எழும்பிய சனம் ஓடவும் இல்லை, இருக்கவும் இல்லை. அப்படியே நின்று பார்த்தது.

பிறகு எட்டுப் பேரும் பின்னுக்கு நடந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை, ஒருவரும் மோதவில்லை. ஓரக்கண்ணால் கம்பத்தைப் பார்த்தபடி கால் தடவித் தடவிப் பின்னால் போக, பின்னல் கீழிருந்து மேலாகத் தானாகக் கழன்றது. கடைசிச் சுற்றில் எட்டுக் கயிறும் தனித்தனியே தொங்கின. கை தட்டப் போகிறார்கள் என்று ரீச்சருக்குத் தெரியும். சட்டென்று முன்னுக்கு வந்து இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை அசைத்துக் காட்டினார், இப்படிச் செய்யுங்கோ, சத்தம் வேண்டாம் என்று. சனத்துக்கு எப்படித்தான் விளங்கியதோ, முற்றம் முழுக்கக் கைகள் மேலே எழும்பி அசைந்தன. நானும் உயர்த்தினேன். எனக்குப் பெருமைதான், அதை எழுத வெட்கப்படவில்லை. குணம் அவர்களைப் பார்க்கவில்லை. காதிலிருந்து கையை எடுத்து, தன் கயிற்றைக் கழற்றித் தரும்படி காட்டினாள். கழற்றிக் கொடுத்ததும் முழங்கையிலும் உள்ளங்கையிலுமாகச் சுற்றி மடித்தாள், நீங்கள் மடிக்கிற மாதிரியே.

செல்வநாயகி அம்மா எழும்பி நேரே எங்களிடம் வந்தா. அண்ணையும் ஓடிவந்துவிட்டார். "கயித்தைக் கடிச்ச பிள்ளை ஆற்றை?" என்று கேட்டா. அண்ணை வாயைத் திறக்கமுதல் நான் முந்திக்கொண்டேன். "என்ரை பிள்ளை. கனகலிங்கத்தின்ரை பிள்ளை. உங்களுக்கு நாங்கள் இல்லை எண்டு எழுதித் தந்த பிள்ளை" என்றேன். பாலேஸ்வரியின் வாழ்வை என் வாயாலேயே கெடுத்தேனோ என்று அந்த நேரம் நினைக்காமல் இல்லை.

அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. பேத்தி இரண்டு மாதமாக வீட்டுக்குள் பின்னுக்குப் பின்னுக்கு நடந்து இரண்டு குடமும் ஒரு லாம்புச் சிமினியும் உடைத்துவிட்டாளாம். ஏனென்று கேட்டால், "குணம் இப்பிடித்தான் நடக்கிறவள்" என்பாளாம். குணம் ஆரென்று விசாரிக்க எவ்வளவு நேரம்? அவர்களுக்கு எப்போதோ தெரியும். "எங்களுக்குப் பிள்ளையிலை ஒரு குறையுமில்லை. சொந்தப் பிள்ளையை ஒளிக்கிறவை வேறை எதை ஒளிக்கினமோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்" என்று அண்ணையின் முகத்துக்கு நேரே சொன்னா. அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, உண்மையைத்தான் சொல்கிறேன்.

ஆட்கள் போன பிறகு அவர் தன் பாய்மரத்தைத் தானே கிளப்பினார். ஆர் இதை நட்டது, இவ்வளவு ஆழம் போதுமோ, சரிந்திருந்தால் பிள்ளைகளின் தலையில் அல்லவா விழுந்திருக்கும் என்று எல்லோரையும் பேசினார். அடுத்த வருடம் தானே வந்து நடுவாராம். குணத்தின் தலையை ஒரு தரம் தொடப் போய், அவளுக்குத் தொட்டால் பிடிக்காதென்று நினைவு வந்து, கையை எடுத்துக்கொண்டார்.

போன திங்கட்கிழமை தொண்டைமானாற்றில் இருந்து ஆள் வந்தது. சம்பந்தத்தை அவர்கள் முறிக்கவில்லை. சீதனத்தைக் கூட்டிக் கேட்கவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள். பெண்ணின் தமையன் தன் கையால் ஒரு கடிதம் எழுதட்டும், தனக்கு எத்தனை பிள்ளைகள், பெயர் என்ன என்று. அது வந்தால் தை மாதத்தில் நாள் வைப்பார்களாம். வராவிட்டால் இல்லையாம். இதில் அண்ணையும் நானும் செய்ய ஒன்றுமில்லை, அத்தான். எல்லாம் உங்கள் பேனையில் இருக்கிறது.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். சந்தியோகுவின் ஸ்ரூடியோவில் மிச்சமிருந்த கடைசி பிலிமில் எடுத்தது. வடிவாகச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் இல்லை. பிள்ளை கயிற்றைக் கடித்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் யோசப்பின், ஒரு பல் தெரிய. கறுப்பு வெள்ளைப் படத்திலும் எங்கள் கயிறுதான் முதலில் தெரிகிறது. உங்கள் படுக்கைக்கு மேலே ஒட்டுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் இது ஆர் என்று கேட்பார்கள். சொல்லுங்கள்.

இனி என் விண்ணப்பம். இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று தொண்டைமானாற்றுக்கு. மற்றது உங்கள் மகளுக்கு. எங்கள் பெயர் ஒன்றும் போடாமல், கடிதவுறையில் "செல்வி குணலட்சுமி கனகலிங்கம்" என்று முழுப்பெயரும் பெரிதாக எழுதுங்கள். உள்ளே நாலு வரி போதும், வலக்கைப் பக்கம் பற்றி எழுதினால் அவளுக்கு விளங்கும். எங்கள் தபால்காரர் வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, கடிதவுறையில் உள்ள பெயரைச் சத்தமாக வாசித்துக் கூப்பிடுகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். பதின்மூன்று வருடத்தில் அந்தப் பெயரை அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஒழுங்கை முழுக்கக் கேட்க அவர் அதைக் கூப்பிட வேண்டும், இவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்து வாங்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் அவரை நிற்கச் சொல்லி நான் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்குமென்றால், பிள்ளைக்கு எழுதுங்கள். இந்த வரியைப் பாலேஸ்வரி பக்கத்தில் இருந்து வாசித்துவிட்டு, ஓம், அப்படியே எழுதுங்கோ மச்சாள் என்கிறாள்.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். சந்நிதியான் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கட்டும்.

உங்கள் மகளின் தாய்,
ஞானாம்பிகை.